நெட்டை மடிக்கறதுக்குள்ள கிளம்பிட்டீங்களே தம்பி

கேள்வி: அக்கா, எனக்கு வயசு இருபத்துமூணு, ஊர் மார்த்தாண்டம் பக்கம், ஜெர்மனில கெம்னிட்ஸ்ல மாஸ்டர்ஸ் படிக்கறேன், அக்டோபர் வந்தா ஒரு வருஷம். வீட்ல நாலு பேரு, நாலு பேரும் தமிழ் பசங்க, கிளாஸ்லயும் பாதி நம்ம ஆளுங்கதான். இதுவரைக்கும் ஒரு உள்ளூர் ஃப்ரெண்டு கூட கிடையாது. செவ்வாக்கிழமை நடக்கற ஒரு பேட்மிண்டன் கிளப்புக்கு மூணு வாரம் போனேன். வந்தா ஹலோ, போனா ச்யூஸ், நடுவுல ஸ்கோர் சொல்லுவாங்க, அவ்ளோதான். எங்கிருந்து வர்றேன்னு கூட ஒருத்தரும் கேக்கல. ஒன்பதரை டிராமை விட்டா குளிர்ல அரை மணி நேரம் நிக்கணும், அதனால கடைசி கேம் முடிஞ்சதும் ஓடிடுவேன். நாலாவது வாரம் போகவே இல்ல. ரூம்மேட்ஸ் "என்ன மச்சான், வெள்ளைக்காரன் சகவாசம் செட் ஆச்சா"ன்னு ஓட்டறானுங்க. ஹாஸ்டல்ல விடிய விடிய 28 சீட்டாட்டம் ஆடிட்டு பத்து பேரோட சுத்தினவன் நான், இங்க ஞாயித்துக்கிழமை முழுக்க படுத்தே கிடக்கேன். ஜெர்மன் ஏ2 லெவல், ஆரம்ப நிலைதான். குடிக்க மாட்டேன். இவங்களே இப்படித்தானா, இல்ல என் நிறம்தான் காரணமா? அம்மா அனுப்பின முறுக்கு கொண்டு போய் குடுத்தா பேச ஆரம்பிப்பாங்களா?

பதில்:

தம்பி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன், ரெண்டாவது தடவை அந்த டிராம் வரிலயே நின்னுட்டேன். கடைசி கேம் முடிஞ்சதும் ஓடிடுவேன்னு போற போக்குல எழுதிட்டீங்க, எனக்கு உங்க கேள்விக்கான பாதி பதில் அங்கதான் இருக்கு.

இங்க ஜெர்மனில சின்ன கிளப்புங்க பெரும்பாலும் ஏதாவது ஸ்கூலோட ஜிம் ஹாலைத்தான் சாயங்காலத்துக்கு வாங்கி ஆடுவாங்க, நீங்க போனதும் அப்படித்தான் இருக்கும். குடுத்த நேரம் முடியறதுக்குள்ள ஹாலை காலி பண்ணியாகணும், சாவி ஒருத்தர் கைல இருக்கும், அவர்தான் கடைசியா லைட் அணைச்சு பூட்டிட்டு போகணும். அதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷ வேலை இருக்கு. நெட்டை அவுத்து, ஆளுக்கு ஒரு முனை பிடிச்சு நடந்து நடந்து மடிக்கணும், கம்பத்தை உருட்டிட்டு போய் ஸ்டோர் ரூம்ல வைக்கணும், இறகு போன ஷட்டிலை பொறுக்கணும், யாரோ மறந்து வச்ச தண்ணி பாட்டில் யாருதுன்னு கத்தணும். ஒன்றரை மணி நேரம் வாயே திறக்காம ஆடின அதே ஆளுங்க அந்த பத்து நிமிஷத்துலதான் பேசுவாங்க. எதிர் முனைல நெட்டை பிடிச்சிருக்கறவரு, மடிச்சு மடிச்சு கிட்ட வரும்போது, "நீ பேக்ஹேண்ட் நல்லா ஆடற, எங்க கத்துக்கிட்ட"ம்பாரு. அந்த நேரத்துல நீங்க டிராம்ல உக்காந்து ரீல்ஸ் பாத்துட்டு இருந்திருக்கீங்க.

அவங்க கண்ணுக்கு இன்னொண்ணும் தெரிஞ்சிருக்கும், வருத்தப்படாதீங்க, சொல்லித்தான் ஆகணும். மூணு வாரமும் ஆடிட்டு, எடுத்து வைக்கற நேரத்துல காணாம போயிட்டாரு ஒருத்தரு. நம்ம ஊர் கல்யாண வீட்ல பந்தில சாப்ட்டு சொல்லாம கொள்ளாம எந்திரிச்சு போற கதைதான். யாரும் திட்டியிருக்க மாட்டாங்க. சரி, இவரு சும்மா பாத்துட்டு போக வந்தவரு போலன்னு விட்டிருப்பாங்க.

எங்கிருந்து வர்றேன்னு கேக்கலைங்கறது உங்களுக்கு பெரிய குறை. நம்ம ஊர்ல பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் மூணாவது ஸ்டாப்புக்குள்ள ஊரு, அப்பா வேலை, எத்தனை பேர் கூடப்பிறந்தவங்க எல்லாம் கேட்டு முடிச்சிடுவாரு, கேக்கலைன்னாத்தான் மூஞ்சிய தூக்கி வச்சிருக்காருன்னு அர்த்தம். இங்க தலைகீழ். நிறம் வேறயா இருக்கற ஒருத்தரை பாத்ததும் நீ எங்கிருந்துன்னு கேட்டா, இங்கயே பிறந்து வளந்தவங்களுக்கு அது எவ்ளோ எரிச்சலா இருக்குன்னு பல வருஷமா பேசி பேசி, நாசூக்கு தெரிஞ்ச ஆளுங்க அந்த கேள்வியையே நிறுத்திட்டாங்க. நீங்க அலட்சியம்னு நினைச்சது மரியாதையா கூட இருந்திருக்கலாம். அதனால நீங்களே சொல்லிடுங்க, "நான் தென்னிந்தியா, எங்க ஊர்ல இந்நேரம் மழை"ன்னு ஒரு வரி போதும், கதவு திறந்துடும்.

நான் இங்க யூனிவர்சிட்டி ஸ்டூடன்ட்ஸுக்கு கவுன்சிலிங் பண்றது தொழிலா இருக்கறதால பெரிய மேதைன்னு நினைச்சுக்காதீங்க. 2009-ல நானும் படிக்கத்தான் வந்தேன், ஒரு கோரஸ் குழுவுல சேந்தேன், மூணு மாசம் போச்சு, பிறந்தநாள் வந்தது. பேச்சுவாக்குல முன்னாடியே தேதியை ரெண்டு பேர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன், ஏதாவது கேக்கு கீக்கு வெட்டுவாங்கன்னு புது குர்தா எல்லாம் போட்டுட்டு போனேன். ஒரு ஈ காக்கா கண்டுக்கல. பஸ் ஸ்டாப்புல நின்னு அழுதேன். அப்புறம்தான் ஒரு அம்மா சொன்னாங்க, இங்க பிறந்தநாள் யாருக்கோ அவங்கதான் கேக்கு கொண்டு வரணும், நீ கொண்டு வரலையா, சரி இவளுக்கு கொண்டாட இஷ்டமில்ல போலன்னு நாங்க விட்டுட்டோம்னு. அதோட முன்கூட்டியே வாழ்த்து சொல்றது இவங்களுக்கு அபசகுனம், அதனால முந்தின வாரமும் யாரும் வாயை திறக்கல. பஸ் ஸ்டாப்புல நான் விட்ட கண்ணீர் அத்தனையும் வேஸ்ட்.

அடுத்த வார்த்தை விஷயம். நமக்கு டீக்கடைல ரெண்டு நாள் பாத்தவன் கூட ஃப்ரெண்டுதான், மச்சான்தான். இவங்ககிட்ட ரெண்டு சொல் இருக்கு. பெகான்டர்னா தெரிஞ்சவர், ஃப்ராய்ன்ட்னா நண்பர். தெரிஞ்சவர் பட்டியல்ல ஐம்பது பேரு இருப்பாங்க, நண்பர்னு கைவிரலை விட்டு எண்ணி முடிச்சிடுவாங்க, அதுலயும் பாதி பேரு ஸ்கூல்ல கூட படிச்சவங்களா இருப்பாங்க. தெரிஞ்சவர்ல இருந்து நண்பரா மாற மாசக்கணக்கு ஆகும், சிலசமயம் வருஷம். மூணு வாரத்துல நீங்க எதிர்பார்த்தது அதை. அவங்க கணக்குல நீங்க இன்னும் தெரிஞ்சவரா கூட ஆகல.

ஆனா ஒருத்தரை தெரிஞ்சவரா ஆக்கிக்க இந்த நாட்டுல ஒரு ஏற்பாடு இருக்கு, அதான் ஃபெரைன், அதாவது சங்கம். ஏழு உறுப்பினர் இருந்தா சட்டப்படி பதிவு பண்ணிடலாம், நாடு முழுக்க ஆறு லட்சத்துக்கு மேல இருக்கு. ஃபுட்பால், செஸ், தேனீ வளக்கறது, குட்டி ரயில் பொம்மை ஓட்டறது, தோட்டம் போடறது எல்லாத்துக்கும் ஒரு ஃபெரைன், அதுக்கு ஒரு தலைவர், ஒரு பொருளாளர், வருஷத்துக்கு ஒரு பொதுக்குழு. நம்ம ஊர் ரசிகர் மன்றமும் கோயில் கமிட்டியும் சேந்த மாதிரி. நாம தெருவுல வளத்துக்கற பழக்கத்தை இவங்க ஃபெரைன்ல வளத்துக்கறாங்க, ஏன்னா தெருவுல நின்னு யாரும் பேச மாட்டாங்க.

யூனிவர்சிட்டி நடத்தற ஹோக்ஷூல்ஷ்போர்ட்ங்கற விளையாட்டு கோர்ஸ் வேற, இது வேற. அது சல்லிசு, ஆனா புக்கிங் திறந்த சில நிமிஷத்துலயே நல்ல கோர்ஸ் எல்லாம் ஃபுல் ஆயிடும், வர்றவங்க உங்களை மாதிரியே ஸ்டூடன்ட்ஸ், அடுத்த செமஸ்டர்ல முகமே மாறிடும். உடம்புக்கு நல்லது, போங்க. உறவுக்கு ஃபெரைன்தான், ஏன்னா அங்க வர்றவரு இருபது வருஷமா அதே செவ்வாக்கிழமை அதே ஹாலுக்கு வர்றவரு, எங்கயும் போகப்போறதில்ல. முதல் ரெண்டு மூணு தடவை ப்ரோபெட்ரெய்னிங்னு காசில்லாம ஆட விடுவாங்க, நீங்க போன மூணு வாரம் அதாத்தான் இருக்கும். சேரும்போது ஸ்டூடன்ட் சந்தா என்னன்னு கேளுங்க, பல இடத்துல குறைச்சிருப்பாங்க. ஒண்ணு மட்டும் கவனம், விலகணும்னா எழுத்துல குடுக்கணும், அதுக்கு ஒரு கெடு தேதி இருக்கும், அதை விட்டுட்டா இன்னும் ஆறு மாசமோ ஒரு வருஷமோ அக்கவுண்ட்ல இருந்து பணம் போயிட்டே இருக்கும். சும்மா போகாம இருந்தா நின்னுடும்னு நினைச்ச பசங்களை நிறைய பாத்திருக்கேன்.

ஏ2 ஜெர்மன்னு கூச்சப்படறீங்க. உங்க ஊர்ல அதுவே வசதி. கெம்னிட்ஸ் 1953-ல இருந்து 1990 வரைக்கும் கார்ல் மார்க்ஸ் நகரம்னு பேரு வச்சிருந்த ஊரு, நடு ஊர்ல 7 மீட்டர் உயரத்துக்கு அவர் தலை மட்டும் நிக்குதே, அதை பாத்திருப்பீங்க. அந்த காலத்துல கிழக்கு ஜெர்மனி ஸ்கூல்ல கட்டாய மொழி ரஷ்யன். அதனால ஐம்பத்தஞ்சு அறுபது வயசு தாண்டினவங்ககிட்ட இங்கிலீஷ் அதிகம் இருக்காது, ஜெர்மன்ல தடுமாறினா உடனே இங்கிலீஷுக்கு தாவி உங்களை காப்பாத்த மாட்டாங்க. திக்கித் திணறி நீங்க சொல்லி முடிக்கற வரைக்கும் காத்திருப்பாங்க. மியூனிக்ல பெர்லின்ல இருக்கற நம்ம பசங்களுக்கு இந்த பாக்கியம் இல்ல. அந்த சாக்சன் வட்டார பேச்சு முதல்ல ஒரு எழவும் புரியாது, அது மத்த ஊர் ஜெர்மன்காரனுக்கே சிரமம், அதுக்கு உங்க கோர்ஸ் டீச்சரை குத்தம் சொல்லாதீங்க. ஃபெரைன்ல எல்லாரும் "டு"தான், அதாவது நீ. எழுபது வயசு தாத்தாவை நீன்னு கூப்பிட நமக்கு நாக்கு கூசும், எனக்கும் ரொம்ப நாள் கூசிச்சு. ஆனா அவங்க டு சொல்லும்போது நீங்க "ஸீ"ன்னு நீங்க வாங்க போட்டா, தள்ளி நிறுத்தற மாதிரி படும் அவங்களுக்கு.

உள்ள நுழையும்போது சத்தமா ஹலோ சொல்லுங்க, டிரெஸ் மாத்தற ரூம்லயும் சொல்லுங்க. புது ஆளுன்னா கை நீட்டி பேரு சொல்லுங்க, அவர் பேரையும் கேட்டு வச்சுக்கோங்க. டேபிள்ல ஏழெட்டு பேரு உக்காந்திருந்தா ஒவ்வொருத்தர் கைய குலுக்க வேணாம், டேபிளை ரெண்டு தட்டு தட்டினா எல்லாருக்கும் வணக்கம் சொன்ன மாதிரி. லெக்சர் முடிஞ்சதும் கை தட்டாம டெஸ்க்கை தட்டறாங்கல்ல, அந்த மாதிரி வச்சுக்கோங்க. ஏழு மணின்னா ஆறு ஐம்பத்தஞ்சு. ஒரு வாரம் வர முடியலைன்னா முன்னாடியே ஒரு மெசேஜ் போடுங்க, நம்மாளு பெரும்பாலும் கோட்டை விடறது இங்கதான். நீங்க வருவீங்கன்னு நம்பி டபுள்ஸுக்கு நாலு பேர் கணக்கு போட்டிருப்பாங்க.

ஆட்டம் முடிஞ்சு சில குழு பக்கத்துல ஏதாவது கடைக்கு போவாங்க. போங்க. குடிக்கலைன்னா யாரும் கையை பிடிச்சு ஊத்த மாட்டாங்க, ஆப்ஃபெல்ஷோர்லென்னு கேளுங்க, ஆப்பிள் ஜூஸ்ல சோடா கலந்தது, கார் ஓட்டறவங்க பாதி பேரு அதைத்தான் குடிப்பாங்க. க்ளாஸை இடிச்சு ப்ரோஸ்ட் சொல்லும்போது கண்ணை பாக்கணும், க்ளாஸை இல்ல. பில் வரும்போது ஆளாளுக்கு அவங்கவங்க கணக்கு. நீங்க பாட்டுக்கு நம்ம ஊர் பழக்கத்துல பில்லை பிடுங்கி நான் குடுக்கறேன்னு மல்லுக்கட்டாதீங்க, அவங்களுக்கு ஏதோ கடன்பட்ட மாதிரி சங்கடமா போயிடும், ஸ்டூடன்ட் பாக்கெட்டுக்கும் நல்லதில்ல.

இப்ப நீங்க அசால்ட்டா எழுதின ஒரு விஷயத்துக்கு வர்றேன். விடிய விடிய 28 ஆடினவன்னு சொன்னீங்களே, நீங்க இருக்கற இடத்துல இருந்து சும்மா நாப்பது கிலோமீட்டர் சுமாருக்கு ஆல்டன்பர்க்னு ஒரு ஊரு இருக்கு. ஜெர்மன்காரங்க உயிரை விடற ஸ்காட் சீட்டாட்டம் பிறந்த ஊரு அது, 1800-கள் ஆரம்பத்துல. ஆட்டத்துல தகராறுன்னா தீர்ப்பு சொல்ல அங்க ஸ்காட் கோர்ட்டே இருக்கு, விளையாட்டுக்கு சொல்லல. அந்த ஆட்டத்தை கேளுங்க. 7-ல இருந்து ஏஸ் வரைக்கும் 32 சீட்டு. ஜாக்தான் பெருசு. பத்து, ராஜாவை வெட்டும். ஏலம் கேட்டுத்தான் ஆட்டம். எங்கயோ கேட்ட மாதிரி இல்ல? 28-ல நாலு பேர் ரெண்டு ஜோடியா ஆடுவோம், இங்க மூணு பேரு, ஏலம் எடுத்தவரை மத்த ரெண்டு பேரும் சேந்து கவுக்கணும். ஆளுக்கு பத்து சீட்டு, மிச்சம் ரெண்டு கவுத்து கிடக்கும். மொத்தம் 120 பாயிண்ட், ஏலம் எடுத்தவரு 61 அடிக்கணும். நாலு ஜாக்கும் பெரும்பாலான ஆட்டத்துல துருப்பு. உங்களை ஏமாத்தப்போறது ஒன்பதுதான், 28-ல ஜாக்குக்கு அடுத்தது அது, இங்க அதுக்கு பத்து பைசா மதிப்பு கிடையாது, முதல் வாரம் பூரா நீங்க ஒன்பதை கையில பொத்தி வச்சுட்டு தோப்பீங்க.

உங்க பக்கத்துல இன்னொரு கூத்து, சீட்டுல ஸ்பேடு கிளாவருக்கு பதிலா ஓக் கொட்டை, இலை, ஹார்ட், மணின்னு படம் போட்டிருக்கலாம், ஜாக்குக்கு பேரு உன்டர். பழகிடும். ஏலம் 18-ல ஆரம்பிச்சு 20, 22, 23, 24ன்னு போகும், சொல்ல வேண்டியது நம்பர் மட்டும். ஏ2 தாராளம். ஸ்காட் கிளப்ல பெரும்பாலும் நரைச்ச தலைங்கதான், இளவட்டம் வர மாட்டேங்குதேன்னு புலம்பறவங்க. இருபத்துமூணு வயசுல, சீட்டு எண்ணத் தெரிஞ்ச ஒரு பையன் வந்து உக்காந்தா விடவே மாட்டாங்க. பேட்மிண்டன்ல நீங்க கூட்டத்துல ஒருத்தர், இங்க மூணாவது கை. மூணாவது கை இல்லைன்னா ஆட்டமே இல்ல. சில்லறை காசு வச்சு ஆடுவாங்க, முதல்லயே எவ்வளவுன்னு கேட்டுக்கோங்க.

நிறம்தான் காரணமான்னு கேட்டீங்க. நான் அங்க நிக்கல, அதனால இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ண மாட்டேன். 2018-ல உங்க ஊர்ல தீவிர வலதுசாரிங்க தெருவுல இறங்கி என்ன பண்ணாங்கன்னு உலகமே டிவில பாத்துச்சு, அதெல்லாம் இல்லாத மாதிரி பேசினா நான் உங்களுக்கு அட்வைஸ் பண்ண லாயக்கில்லாதவ. ஆனா நீங்க சொன்னதை வச்சு பாத்தா, அவங்க உங்களோட ஜோடி சேந்து ஆடியிருக்காங்க, ஸ்கோர் சொல்லியிருக்காங்க, ஹலோவும் ச்யூஸும் சொல்லியிருக்காங்க. புதுசா வர்ற ஜெர்மன்காரனுக்கும் முதல் மாசம் அவ்ளோதான் கிடைக்கும். வெறுப்பு வேற மாதிரி இருக்கும். உங்களை மட்டும் ஆட கூப்பிடாம உக்கார வைக்கறது, உங்க பேச்சை திருப்பி சொல்லி நக்கல் பண்றது, ஹலோவுக்கு முகத்தை திருப்பிக்கறது. அது ரெண்டு தடவை நடந்தா திருத்தப் போராடாதீங்க, வேற கிளப் பாருங்க, ஊர்ல இன்னும் நூறு இருக்கு. யாராவது மிரட்டினா, மேல கை வச்சா போலீஸ் நம்பர் 110, யோசிக்கவே வேணாம்.

ரூம்மேட்ஸ் ஓட்டறதை மனசுல வச்சுக்காதீங்க, அவங்களை விட்டு விலகவும் வேணாம். ராத்திரி ரெண்டு மணிக்கு வயித்து வலின்னா டாக்ஸி பிடிக்கப்போறது அந்த பசங்கதான். செவ்வாக்கிழமை உங்க சமையல் முறையை மட்டும் வேற நாளுக்கு மாத்திக்கோங்க, அது போதும். அப்புறம், உள்ளூர் ஃப்ரெண்டுன்னா வெள்ளைத்தோல்னு நீங்களும் ஒரு கோடு போட்டிருக்கீங்களோன்னு ஒரு சந்தேகம். கிழக்கு ஜெர்மனி காலத்துல ஒப்பந்த வேலைக்கு வந்து தங்கிட்ட வியட்நாம் குடும்பங்களோட பிள்ளைங்க உங்க ஊர்லயே இருக்காங்க, பேச ஆரம்பிச்சா சுத்தமான சாக்சன். ஈழத்துல இருந்து எண்பதுகள்ல வந்தவங்களோட பிள்ளைங்க மேற்குப் பக்கம் நிறைய, ஹாம் ஊர்ல காமாட்சி அம்மன் கோயில் தேர் அன்னிக்கு போனீங்கன்னா ஆயிரக்கணக்குல பாக்கலாம், தமிழ்ல திட்டி ஜெர்மன்ல ஜோக் அடிப்பாங்க. அவங்களும் இந்த ஊர்க்காரங்கதான்.

ஞாயித்துக்கிழமை படுத்தே கிடக்கறது மட்டும் எனக்கு கொஞ்சம் உறுத்துது. கடை கண்ணி எல்லாம் பூட்டியிருக்கும், பாதி பேருக்கு அந்த நாள் அப்படித்தான் போகும், அது சரி. ஆனா தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காம, பரீட்சைக்கு பேரு குடுத்துட்டு போகாம விடற நிலைமைன்னா கிளப் எல்லாம் அப்புறம். ஸ்டூடன்டன்வெர்க்னு ஸ்டூடன்ட்ஸ் நலனை பாத்துக்கற அமைப்புல மனநல ஆலோசனை இருக்கு, பெரும்பாலும் காசு வாங்க மாட்டாங்க, இங்கிலீஷ்லயும் பேசலாம். டாக்டர்கிட்ட போற மாதிரிதான், வெக்கப்பட ஒண்ணுமில்ல, வீட்டுக்கும் தெரியாது.

வர்ற செவ்வாக்கிழமை அந்த பேட்மிண்டனுக்கே திரும்ப போங்க. ஏன் வரலைன்னு யாராவது கேட்டா பரீட்சைன்னு சொல்லுங்க, கேக்கலைன்னா நீங்களா விளக்கம் குடுக்க வேணாம். தரையில கோடு விழாத சோல் இருக்கற இன்டோர் ஷூ கொண்டு போங்க, வெளிய போட்ட ஷூவோட ஹால்ல காலை வச்சீங்கன்னா அப்ப எல்லாரும் பேசுவாங்க, ஆனா அந்த பேச்சு நமக்கு வேணாம். ஆட்டம் முடிஞ்சதும் "நான் என்ன எடுத்து வைக்கட்டும்"ங்கறதை மட்டும் ஜெர்மன்ல மனப்பாடம் பண்ணிட்டு போங்க. பத்து மணி டிராம்ல வாங்க. குளிருதுன்னு எழுதினீங்க, செப்டம்பர்ல என்ன குளிர் தம்பி, ஜனவரிக்கு என்ன பண்ணுவீங்க? அதுக்குள்ள அதே வழில கார்ல போற ஒருத்தரு உங்களை இறக்கி விடற அளவுக்கு ஆகியிருந்தா ஆச்சு.

முறுக்கு. குடுக்கலாம், ஆனா போன உடனே டப்பாவை திறந்து நீட்டாதீங்க, எதுக்கு குடுக்கறாருன்னு புரியாம ஒண்ணு எடுத்துட்டு டாங்கென்னுட்டு போயிடுவாங்க. டிசம்பர்ல கிறிஸ்துமஸ் பார்ட்டி வைப்பாங்க, அதுக்கு முன்னாடி ஒரு லிஸ்ட் சுத்தும், யாரு என்ன கொண்டு வர்றீங்கன்னு. அதுல முறுக்குன்னு எழுதி, பக்கத்துலயே அரிசி மாவு, உளுந்து, எள்ளுன்னு போட்டுடுங்க, அலர்ஜிக்காரங்க ரெண்டு பேராவது இருப்பாங்க. முறுக்குல எதுக்கு இத்தனை சுத்துன்னு யாராவது கேட்டா அன்னிக்கு சாயங்காலம் பூரா உங்களுக்கு பேச விஷயம் இருக்கு. லிஸ்ட் வந்ததும் சீக்கிரம் எழுதிடுங்க, கடைசில போனா பேப்பர் ப்ளேட்டும் நாப்கினும்தான் மிஞ்சும்.